2010 என்எஃப்சி வெஸ்ட் உண்மையிலேயே வரலாற்றின் மிகப் பலவீனமான பிரிவா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இது: அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீகில், 2010 சீசனில் சியாட்டில் சீஹாக்ஸ் அணி 16 ஆட்டங்களில் 7ஐ வென்று 9ஐத் தோற்ற பிறகும் என்எஃப்சி வெஸ்ட் பிரிவின் பட்டத்தைப் பெற்றது. அப்படியானால் அந்த லீகின் வரலாற்றில் மிக மோசமான பிரிவு அதுதானா? அப்படிப்பட்ட அணியை, லீகின் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுக்குள் அனுமதித்தது நியாயமா? இரண்டு கேள்விகள் போலத் தோன்றினாலும், இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ஒரு பிரிவின் பலவீனத்தை எதைக் கொண்டு அளப்பது? புள்ளியியல் படித்து, விளையாட்டுத் தரவுகளைக் கையாளும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருபவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2010 என்எஃப்சி வெஸ்ட் பலவீனமான பிரிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் மிகப் பலவீனமானது என்று சொல்லவேண்டுமானால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே நான்கு அணிகள் ஆடிய 2008 சீசனுக்கே அந்த இடம் பொருந்தும். அந்த 2008 சீசனைப் பலவீனத்துக்காக நினைவில் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. அதற்கான காரணத்தில்தான் உங்கள் கேள்விக்கான விடையும் இருக்கிறது.

அமைப்பு தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். ஹூஸ்டன் டெக்சன்ஸ் சேர்ந்த 2002ஆம் ஆண்டிலிருந்து இந்த லீகில் 32 அணிகள். என்எஃப்சி, ஏஎஃப்சி என்ற இரண்டு பாதிகள்; ஒவ்வொன்றிலும் ஈஸ்ட், வெஸ்ட், நார்த், சவுத் என்று நான்காக, தலா நான்கு அணிகள் கொண்ட எட்டுப் பிரிவுகள். 2020 வரை ஒவ்வோர் அணிக்கும் 16 ஆட்டங்கள். அவற்றில் 6 தன் பிரிவுக்குள், மீதி 10 பிரிவுக்கு வெளியே. பிரிவின் பட்டத்தை வென்ற அணி, வெற்றி தோல்விக் கணக்கு எப்படி இருந்தாலும், பிளேஆஃபுக்குப் போகும்; முதல் ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் ஆடும் உரிமையும் அதற்கே. 2002க்கு முந்தைய சீசன்களை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அப்போது ஐந்து, ஆறு அணிகள் கொண்ட பிரிவுகள் இருந்தன. அட்டவணை அமைக்கும் முறையும் வேறு. அவற்றையும் இவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது சரியாகாது.

இனி அளவுகோலுக்கு வருவோம். நான்கு அணிகள் தங்களுக்குள் 12 ஆட்டங்கள் ஆடுகின்றன. அவற்றில் சமநிலை எதுவும் இல்லையென்றால், பிரிவு எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் எவ்வளவு நலிந்ததாக இருந்தாலும், 12 வெற்றிகளும் 12 தோல்விகளும் கட்டாயம் கிடைக்கும். ஆகவே பிரிவின் பலத்தைப் பற்றி அந்த 12 ஆட்டங்கள் நமக்கு எதையும் சொல்வதில்லை. வெளியார் மீது ஆடிய 40 ஆட்டங்கள் மட்டுமே சாட்சி. பட்டம் வென்ற அணியின் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் இந்த 12 ஆட்டங்களின் பங்கீட்டைத்தான் பெரிதும் பார்க்கிறார்கள். அதனால்தான் தவறான சீசனைச் சுட்டுகிறார்கள்.

2010இன் இறுதி அட்டவணை (வெற்றி-தோல்வி) இப்படி இருந்தது: சியாட்டில் 7-9, செயின்ட் லூயிஸ் ராம்ஸ் 7-9, சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் 6-10, அரிசோனா கார்டினல்ஸ் 5-11. நான்கும் சேர்ந்து 25 வெற்றி, 39 தோல்வி. உள்ளாட்டங்களைக் கழித்தால் வெளியே 13-27. அந்த ஆண்டு அட்டவணைப்படி இவர்கள் என்எஃப்சி சவுத் பிரிவின் நான்கு அணிகளோடும் ஏஎஃப்சி வெஸ்ட் பிரிவின் நான்கு அணிகளோடும் மோதினார்கள். என்எஃப்சி சவுத்துக்கு எதிரான 16 ஆட்டங்களில் மூன்றே வெற்றி. அந்தப் பிரிவின் கடைசி அணியான கரோலினா பேந்தர்ஸ் சீசன் முழுவதிலும் இரண்டே ஆட்டங்களைத்தான் வென்றது. அந்த இரண்டும் என்எஃப்சி வெஸ்ட் அணிகளிடமிருந்து பெற்றவை: ஃபார்ட்டிநைனர்ஸ் மீது 23-20, கார்டினல்ஸ் மீது 19-12. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் கதையும் ஏறக்குறைய இதுவே. தன் பிரிவுக்குள் ஆடிய ஆறு ஆட்டங்களையும் வென்ற அந்த அணி வெளியே 2-8 என்று சரிந்தது. அந்த இரண்டு வெற்றிகளும் ராம்ஸ், சீஹாக்ஸ் மீதுதான். ஒரு பிரிவு பலவீனமானது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

ஆனாலும் மற்ற பலவீனமான சீசன்களை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த விவாதத்தில் அடிக்கடி பேசப்படும், பேசப்பட வேண்டிய ஐந்தை எடுத்துக்கொள்கிறேன். 2008 என்எஃப்சி வெஸ்ட்: கார்டினல்ஸ் 9-7, ஃபார்ட்டிநைனர்ஸ் 7-9, சீஹாக்ஸ் 4-12, ராம்ஸ் 2-14, வெளியே 10-30. அதே ஆண்டின் ஏஎஃப்சி வெஸ்ட்: சான் டியேகோ சார்ஜர்ஸ் 8-8 கணக்கோடு பட்டம் வென்றது, வெளியே 11-29. கரோலினா 7-8-1 (கடைசி எண் சமநிலை) என்ற கணக்கில் பட்டம் வென்ற 2014 என்எஃப்சி சவுத்: வெளியே 10-29, ஒரு சமநிலை. வாஷிங்டன் 7-9 கணக்கில் வென்ற 2020 என்எஃப்சி ஈஸ்ட்: வெளியே 11-28, ஒரு சமநிலை. ஐந்தாவது, நாம் பேசிக்கொண்டிருக்கும் 2010: வெளியே 13-27. அதாவது இந்த ஐந்தில் வெளியாட்டக் கணக்கு ஓரளவு நன்றாக இருப்பது 2010க்குத்தான். மிக மோசமானது என்று பெயர் வாங்கிய சீசன், பொருத்தமான அளவுகோலில் இந்த வரிசையின் நல்ல முனையில் நிற்கிறது.

இது எப்படி நேர்ந்தது என்பதற்கு இரண்டு பட்டத்து அணிகளை ஒப்பிட்டால் போதும். 2008இல் கார்டினல்ஸ் பிரிவுக்கு வெளியே 3 வெற்றி, 7 தோல்வி. 2010இல் சீஹாக்ஸ் பிரிவுக்கு வெளியே 3 வெற்றி, 7 தோல்வி. இரண்டும் ஒன்றே. கார்டினல்ஸ் தன் பிரிவுக்குள் ஆறு ஆட்டங்களையும் வென்றதால் 9-7 என்ற மரியாதையான கணக்கு கிடைத்தது. சீஹாக்ஸ் உள்ளே 4-2 என்று முடித்ததால் 7-9 என்ற வடு விழுந்தது. 2008இல் சியாட்டிலும் செயின்ட் லூயிஸும் அடியோடு விழுந்து கிடந்தன. அதனால் முதலிடத்து அணிக்கு வெற்றிகள் குவிந்தன. 2010இல் எந்த அணியும் அந்த அளவுக்கு விழவில்லை. சீஹாக்ஸ், ராம்ஸ், ஃபார்ட்டிநைனர்ஸ் மூன்றும் ஒன்றையொன்று மாற்றி மாற்றி வென்றன; கார்டினல்ஸும் ராம்ஸை ஒரு முறை வென்றது. முதல் மூன்று அணிகளும் வெற்றிகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டதால் முதல் இடத்து அணியின் கணக்கு கெட்டது என்பதே உண்மை.

அந்த 7-9 என்ற எண்கூட எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதற்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். 2010 அக்டோபர் 24 அன்று டாம்பாவில் ராம்ஸ் அணி டாம்பா பே பக்கனியர்ஸுக்கு எதிராக 17-12 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தபோது பக்கனியர்ஸின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜாஷ் ஃப்ரீமேன், கோல் கோட்டுக்கு ஒரு கஜ தூரத்திலிருந்து காடிலாக் வில்லியம்ஸுக்கு எறிந்த பந்து கோல் கோட்டைத் தாண்டி டச்டவுன் ஆனது. ராம்ஸ் 18-17 என்று தோற்றது. அந்த ஒரு பந்து தவறி, மற்ற முடிவுகள் அனைத்தும் நடந்தபடியே நடந்திருந்தால் ராம்ஸ் 8-8 கணக்கில் பிரிவை வென்றிருக்கும். சார்ஜர்ஸ் 2008இல் அதே கணக்கில் வென்றபோது வரலாறு என்று யாரும் எழுதாதது போல, இதைப் பற்றியும் யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். பிரிவின் தரம் மட்டும் அப்படியேதான் இருந்திருக்கும்.

வெற்றி தோல்வியை விட்டுப் புள்ளி வித்தியாசத்தைப் பார்த்தால் படம் சற்று மாறுகிறது. 2010க்கு எதிராகச் சொல்லவேண்டிய வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது. அந்த சீசனில் சீஹாக்ஸ் எடுத்த புள்ளிகள் 310, கொடுத்தவை 407. கார்டினல்ஸ் 289 எடுத்து 434 கொடுத்தது. ராம்ஸ், ஃபார்ட்டிநைனர்ஸ் இரண்டையும் சேர்த்தால் பிரிவின் மொத்தப் பற்றாக்குறை 322 புள்ளிகள். உள்ளாட்டங்களில் ஒருவர் இழப்பது மற்றவரின் வரவு என்பதால், இந்த 322 முழுவதும் வெளியார் 40 ஆட்டங்களில் கொடுத்த அடி. ஆட்டத்துக்குச் சராசரி 8 புள்ளிகள். சியாட்டில் தோற்ற ஒன்பது ஆட்டங்களில் ஒன்றுகூட நெருக்கமாக முடியவில்லை. மிகக் குறைந்த வித்தியாசமே 15 புள்ளிகள். நியூயார்க் ஜயன்ட்ஸ் சியாட்டிலுக்கே வந்து 41-7 என்று வென்றுவிட்டுப் போனது. இந்த அளவுகோலில் 2010 இரண்டாம் இடத்துக்கு வந்துவிடுகிறது. 2008 ஏஎஃப்சி வெஸ்ட் 260, 2020 என்எஃப்சி ஈஸ்ட் 233, 2014 என்எஃப்சி சவுத் 227 என்ற பற்றாக்குறைகளோடு அதற்குப் பின்னால் நிற்கின்றன. ஆனால் முதலிடம் இங்கும் 2008 என்எஃப்சி வெஸ்டுக்குத்தான்: 372 புள்ளிகள். அதில் ராம்ஸ் அணியின் பங்கு மட்டும் 233. இரண்டு அளவுகோலும் ஒரே சீசனைக் காட்டுவதால்தான் என் முடிவை ஓரளவு உறுதியோடு சொல்கிறேன்.

எவ்வளவு உறுதி என்பதையும் சொல்லவேண்டும். சம பலமுள்ள இரு தரப்புகள் 40 ஆட்டங்கள் ஆடினால் 20 வெற்றிகளை எதிர்பார்க்கலாம். வெறும் தற்செயலாலேயே மூன்று வெற்றிகள் கூடுவதும் குறைவதும் இயல்பு. திட்ட விலக்கம் ஏறத்தாழ அவ்வளவு. ஆகவே 10 வெற்றிக்கு இறங்கிய பிரிவு பலவீனமானது என்பதைத் தயங்காமல் சொல்லலாம். 13க்கு இறங்கியதும் பலவீனமே என்று நம்ப நல்ல காரணம் உண்டு. ஆனால் 10க்கும் 11க்கும் இடையே, ஏன் 10க்கும் 13க்கும் இடையே கூட, உண்மையான பல வேறுபாடு இருக்கிறது என்று 40 ஆட்டங்களைக் கொண்டு நிறுவ முடியாது. இந்த ஐந்தும் ஒரு தனி வகுப்பு என்பது திண்ணம். அந்த வகுப்புக்குள் தரவரிசை என்பது சாய்வு மட்டுமே, தீர்ப்பு அல்ல.

எதிராளிகளின் பலம் இன்னொரு சிக்கல். 2010இல் என்எஃப்சி சவுத்தின் ஃபால்கன்ஸ் 13-3, செயின்ட்ஸ் 11-5, பக்கனியர்ஸ் 10-6. இத்தனை வலுவான பிரிவோடு மோதியதால்தான் அடி வாங்கினார்கள் என்று ஒருவர் வாதிடலாம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்குகளுக்குள்ளேயே என்எஃப்சி வெஸ்ட் கொடுத்த வெற்றிகள் அடங்கியிருக்கின்றன. பக்கனியர்ஸ் வென்ற 10இல் 4 இவர்களிடமிருந்து வந்தவை; அவற்றை நீக்கினால் அந்த அணி 6-6. ஃபால்கன்ஸ் அப்போதும் 9-3 என்று தலைநிமிர்ந்து நிற்கும். எதிராளி வலுவாக இருந்ததால் இவர்கள் தோற்றார்களா, இவர்கள் தோற்றதால் எதிராளி வலுவாகத் தெரிகிறதா என்ற இந்தச் சுழலை ஒரு சீசனின் தரவு முழுமையாக அவிழ்த்துத் தருவதில்லை. 2008க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அப்போது இவர்களுக்கு வாய்த்தவை என்எஃப்சி ஈஸ்ட், ஏஎஃப்சி ஈஸ்ட் என்ற இரண்டு பலமான பிரிவுகள்.

காரணங்களைப் பொறுத்தவரை, நடந்தவை தெரியும். ஒவ்வொன்றும் எத்தனை தோல்விகளுக்குப் பொறுப்பு என்று பிரித்துச் சொல்வது ஊகம். அரிசோனாவின் வீழ்ச்சிதான் மிகத் தெளிவானது. முந்தைய ஆண்டு 10-6 கணக்கில் பிரிவை வென்ற அந்த அணியிலிருந்து குவாட்டர்பேக் கர்ட் வார்னர் ஓய்வு பெற்றார். அன்குவான் போல்டின், கார்லோஸ் டான்ஸ்பி, ஆன்ட்ரல் ரோல் ஆகியோர் வேறு அணிகளுக்குப் போனார்கள். வார்னருக்கு அடுத்தவர் என்று கருதப்பட்ட மாட் லைனர்ட்டை சீசன் தொடங்கும் முன்பே விடுவித்துவிட்டு, டெரக் ஆண்டர்சன், மாக்ஸ் ஹால், ஜான் ஸ்கெல்டன் என்று மாற்றி மாற்றி இறக்கினார்கள். சான் பிரான்சிஸ்கோ முதல் ஐந்து ஆட்டங்களையும் தோற்றது. அவற்றில் மூன்று, மூன்று புள்ளிகளிலும் அதற்குக் குறைவாகவும் போனவை. தலைமைப் பயிற்சியாளர் மைக் சிங்கிள்டரி ஓர் ஆட்டம் மீதியிருக்கும்போதே நீக்கப்பட்டார். ராம்ஸின் நிலை வேறு. 2009இல் 1-15 என்று கிடந்த அணி, அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2010 டிராஃப்டின் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்ட் என்ற புது குவாட்டர்பேக்கோடு 7-9க்கு ஏறியிருந்தது. அந்த நகரத்துக்கு அது நம்பிக்கையூட்டிய சீசன். சியாட்டிலில் பீட் கேரலின் முதல் ஆண்டு. அணியையே பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் மார்ஷான் லிஞ்ச் பஃபலோவிலிருந்து வந்து சேர்ந்ததே அக்டோபரில்தான்.

பிரிவைத் தீர்மானித்த ஆட்டம் 2011 ஜனவரி 2 இரவு சியாட்டிலில் நடந்தது. சியாட்டிலின் வழக்கமான குவாட்டர்பேக் மாட் ஹாசல்பெக் காயமடைந்திருந்ததால் சார்லி வைட்ஹர்ஸ்ட் குவாட்டர்பேக்காக இறங்கினார். ஒரு டச்டவுனும் பந்தை உதைத்துப் பெறும் ஃபீல்டு கோல்கள் மூன்றும் சியாட்டிலுக்கு, இரண்டு ஃபீல்டு கோல்கள் மட்டும் ராம்ஸுக்கு, முடிவு 16-6. இரு அணிகளும் 7-9. தங்களுக்குள் ஆளுக்கு ஒன்று வென்றிருந்ததால், பிரிவுக்குள் 4-2 என்ற கணக்கு சியாட்டிலுக்குப் பட்டத்தைக் கொடுத்தது; ராம்ஸ் உள்ளே 3-3. முழு சீசன் ஆடி, தோல்விகள் மிகுந்த கணக்கோடு பிரிவை வென்ற முதல் அணி சியாட்டில்தான் என்பது உறுதியான செய்தி. பின்னாளில் 2014 கரோலினா, 2020 வாஷிங்டன், 17 ஆட்ட சீசனில் 8-9 கணக்கில் வென்ற 2022 டாம்பா பே ஆகியவை அதோடு சேர்ந்தன.

இனி நியாயம் பற்றிய கேள்வி. 2010இல் 10-6 கணக்கு வைத்திருந்த ஜயன்ட்ஸ், பக்கனியர்ஸ் இரண்டும் பிளேஆஃபுக்கு வெளியே நின்றன. இரண்டுமே அந்த சீசனில் சியாட்டிலை நேருக்கு நேர் வென்றவை; பக்கனியர்ஸ் 38-15 என்று வென்றது பட்டம் முடிவாவதற்கு ஒரு வாரம் முன்புதான். அந்த ரசிகர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த அநியாயத்துக்குத் தோல்விக் கணக்கு தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள். 2008இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 11-5 கணக்கோடு வீட்டில் உட்கார்ந்திருந்தது. 8-8 சார்ஜர்ஸ் உள்ளே போனது. போனதோடு நிற்காமல் 12-4 கணக்கு வைத்திருந்த இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸை வென்றும் காட்டியது. அதே ஆண்டு, டிசம்பரில் பேட்ரியட்ஸிடம் 47-7 என்று தோற்ற கார்டினல்ஸ் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை போய் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸிடம் 27-23 என்றுதான் விழுந்தது. பிரிவு முறையை வைத்துக்கொண்டால் இது அவ்வப்போது நடந்தே தீரும்.

சியாட்டிலும் பட்டத்துக்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. ஜனவரி 8 அன்று, அப்போதைய சூப்பர் பவுல் சாம்பியனான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸை 41-36 என்று வென்றது. கடைசிக் கட்டத்தில் லிஞ்ச் ஒவ்வொரு தடுப்பாளராக உதறித் தள்ளி 67 கஜம் ஓடி எடுத்த டச்டவுனின்போது ரசிகர்கள் எழுப்பிய அதிர்வு, மைதானத்துக்கு அருகிலிருந்த நில அதிர்வுமானியில் பதிவானது. அடுத்த வாரம் சிகாகோ பேர்ஸிடம் 35-24 என்று தோற்றது. ஓர் ஆட்டத்தின் வெற்றி, 16 ஆட்டங்களின் சாட்சியத்தை மாற்றிவிடாது. அதை வைத்து 2010 பிரிவு பலவீனமில்லை என்று வாதிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூன்றே ஆண்டுகளில் இதே நான்கு அணிகள் வெளியாட்டங்களில் 30-10 என்று ஆண்டதும், அந்த 2013 சீசனில் சியாட்டில் சூப்பர் பவுலை 43-8 என்று வென்றதும் வேறு செய்தி. அந்த வெற்றிக்கு அடித்தளமான ஏர்ல் தாமஸும் கேம் சான்சலரும் 2010இல் தேர்வாகி வந்தவர்கள். இளம் திறமை அந்தப் பலவீனமான ஆண்டிலேயே உள்ளே வந்துவிட்டிருந்தது. அது ஆட்டமாகக் கனியவில்லை, அவ்வளவுதான்.

என் சொந்தக் கருத்து இது. பிரிவுப் பட்டத்துக்கு பிளேஆஃப் இடம் கொடுப்பது சரி. ஆறு ஆட்டங்கள் ஒரே அணிகளோடு திரும்பத் திரும்ப மோதுவதற்குப் பொருள் வேண்டுமென்றால் அந்தப் பரிசு இருக்கவேண்டும். ஆனால் சொந்த மைதான உரிமையை அதோடு கட்டித் தருவது சரியில்லை. 2010 சியாட்டில் சொந்த மைதானத்தில் 5-3, வெளியூரில் 2-6. செயின்ட்ஸை அந்த நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் சந்தித்தபோது 34-19 என்று தோற்றிருந்தது. 11 ஆட்டங்களை வென்ற அணி 7 ஆட்டங்களை வென்ற அணியின் ஊருக்குப் பயணம் செய்யவேண்டியிருந்தது என்பதே அந்த சீசனின் உண்மையான குறை. இடங்களைப் பட்டத்தால் நிரப்பிவிட்டு, யார் யாருடைய மைதானத்துக்குப் போவது என்பதை வெற்றிக் கணக்கால் தீர்மானித்தால் ஜயன்ட்ஸின் குறை தீராது. செயின்ட்ஸின் குறை தீர்ந்துவிடும்.